அங்கே மண் கல்லாச்சு, இங்கே கல் மண்ணாகுது

சவூதியில் வேலை செய்கிற என் மச்சான் லீவில் ஊருக்கு வந்தால் முதல் வேலையாகப் போனை எடுத்து நீட்டுவான். இந்த முறை நீட்டியது அல்-உலா படங்கள். பெருநாள் லீவுக்குக் கம்பெனிப் பொடியன்மாரோடு வாடகைக் கார் எடுத்து, மதீனாப் பக்கத்திலிருந்து வடக்கே முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடிப்போய்ப் பார்த்த பாறைகள். சும்மா சொல்லக்கூடாது, அழகுதான். கண்ணுக்கெட்டிய தூரம் வரை மணல். அதன் நடுவே செக்கச்செவேலென்று மணற்கல் குன்றுகள். தும்பிக்கையை நிலத்தில் ஊன்றிய யானை போல ஒரு பாறை, 52 மீட்டர் உயரம். பக்கத்தில் ஹெக்ரா. இரண்டாயிரம் வருசத்துக்கு முன் நபத்தேயர் பாறையைக் குடைந்து கட்டிய கல்லறைகள் அங்கே நூற்றுக்கு மேல் இருக்கின்றன. 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய முதல் சவூதி இடம் அதுதான். 2019இல் சுற்றுலா விசா திறந்துவிட்ட பிறகு உலகமே அங்கே போய்ப் படம் எடுக்கிறது.

எல்லாம் காட்டிவிட்டுக் கேட்டான்: "நம்மட மட்டக்களப்பில என்ன மச்சான் கிடக்கு? வாவியும் மண்ணும்தானே?"

வாவிக்குக் கிழக்கே, கடலோரமாகக் கிடக்கிற எழுவான்கரைக்கு அது சரி. அத்திவாரம் வெட்டினாலும் மண், கிணறு வெட்டினாலும் மண். அம்மி கொத்துவதற்குக்கூட ஒரு கல் அகப்படாது. ஆனால் வாவியைத் தாண்டிப் படுவான்கரைக்குப் போனால் கதை வேறு. வயல் நடுவே, காட்டு ஓரத்தில், குளக்கட்டுக்குப் பின்னால் என்று தனித்தனியாகக் கருங்கல் குன்றுகள் எழும்பி நிற்கும். இஞ்சயே பிறந்து வளர்ந்த நம்மில் எத்தனை பேர் அவற்றைப் பார்ப்பதற்கென்றே போயிருக்கிறோம்? "நாளைக்குக் காலையில வெளிக்கிடு" என்றேன்.

ஆவணி முதல் கிழமை. கச்சான் காற்று அடித்து ஓய்கிற நேரம். மாரியில் வாவிக்கும் வயலுக்கும் வித்தியாசம் தெரியாமல் தண்ணீர் நிற்கிற இந்த ஊர், கச்சான் காலத்தில் புல்லெல்லாம் பொன்னிறமாகிக் காய்ந்து, புழுதி பறக்கிற வேறு ஊராக மாறிவிடும். பாறை பார்க்க அதுதான் காலம். காத்தான்குடி பிரதான வீதியின் நடுவில் வரிசையாக நிற்கிற பேரீச்சை மரங்களைக் கடக்கும்போது, "இந்தா, உன்ட பாலைவனம் தொடங்கிட்டு" என்றேன். அவன் சிரிக்கவில்லை. கார் ஏசி வேலை செய்யாத கோபம் அவனுக்கு.

ஆரையம்பதி தாண்டி மேற்கே கிறுகினால் மண்முனைப் பாலம். 2014இல் திறந்தது. அதற்கு முன் பாதை என்கிற மிதவையில்தான் ஏறிக் கடக்க வேண்டும். மோட்டார் சைக்கிளும் மாடும் ஆசிரியர்மாரும் ஒன்றாக மிதந்துபோன காலம். இப்போது சில நிமிசத்தில் அக்கரை. நல்லதுதான், பாதைக்குக் காத்து நின்ற எவரும் அதை மறுக்கமாட்டார்கள்.

கொக்கட்டிச்சோலையில் தான்தோன்றீஸ்வரரைக் கும்பிட்டுக்கொண்டு போனோம். பறங்கியர் காலத்தில் கல் நந்தி எழும்பிப் புல் தின்றது என்று சொல்கிற கோயில். கல்லுக்கு உயிர் உண்டு என்று சின்ன வயதிலேயே கேட்டு வளர்ந்த ஊர்களுக்குள்தான் இனி ஓடப்போகிறோம் என்று மச்சானுக்குச் சொன்னேன். சிறுபோக அறுவடை முடிகிற நேரம், றோட்டில் பாதியை நெல் பிடித்திருந்தது. காயப்போட்ட நெல்லில் டயர் ஏறாமல் வளைந்து வளைந்து ஓட்டுவது ஒரு தனி வித்தை. பட்டிப்பளை கடந்து வயல்வெளி முடிந்து, யானைக்கான மின்வேலிக் கம்பிகள் தெரிகிற இடத்தில் தாந்தாமலை எழும்பி நின்றது.

தாந்தாமலை என்றால் நமக்கு முருகன். ஆடித் திருவிழாவுக்கு உழவு இயந்திரப் பெட்டியில் சட்டி பானையோடு குடும்பம் குடும்பமாகப் போய்ப் பந்தல் போட்டுத் தங்கிய நினைவு இல்லாத படுவான்கரைப் பிள்ளை இருக்க ஏலாது. நாங்கள் போனபோது திருவிழா முடிந்துவிட்டது. பந்தல் கம்புகள் சில இன்னும் நட்டபடி நின்றன, ஒரு நாய் நிழல் தேடி அலைந்தது. சனம் இல்லாத நேரத்தில்தான் பாறை கண்ணுக்குத் தெரிகிறது.

செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினோம். பத்து மணிக்குள் ஏறிவிட வேண்டும், அதற்குப் பிறகு உள்ளங்கால் பொறுக்காது. பாதிவழியில் குந்தி உட்கார்ந்து கல்லைக் கிட்டே பார்த்தால், தூரத்தில் ஒரே கறுப்பாகத் தெரிந்தது கறுப்பே இல்லை. வெள்ளைப் பட்டை, சாம்பல் பட்டை, இளஞ்சிவப்புக் கீற்று எல்லாம் வளைந்து நெளிந்து ஓடுகின்றன. கறுப்புக் கோடுகள் மேலே படிந்தவை. மழைத் தண்ணீர் வழிகிற தடத்தில் பாசியும் நுண்ணுயிரும் வளர்ந்து காய்ந்த கறை அது. அந்த வளைவுகளைப் பார்த்தாலே இந்தக் கல் ஒரு காலத்தில் களி போல நெகிழ்ந்து கிடந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். நிலத்துக்கு அடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில், சூட்டிலும் அமுக்கத்திலும் வெந்து, மடிந்து, பிறகு இறுகிய கல். புவியியல் புத்தகத்தில் நைஸ் என்று போடுவார்கள். கிழக்கிலங்கையின் அடித்தளமான இந்தப் பாறைக்கூட்டத்தை விஜயன் தொகுதி என்பார்கள். வயது ஏறக்குறைய நூறு கோடி ஆண்டு. அல்-உலாவின் மணற்கல்லுக்கு ஐம்பது கோடி ஆண்டளவு. "உன்ட யானையை விட நம்மட முருகன்ட மலை இரண்டு மடங்கு மூப்பு மச்சான்" என்றதும்தான் அவன் முகத்தில் முதல் அசைவு.

அந்தக் கல்லும் இந்தக் கல்லும் போகிற திசையே எதிரெதிர். அல்-உலாவில் முதலில் இருந்தது மணல். ஆறும் காற்றும் கொண்டுவந்து கொட்டிய மணல், அடுக்கு அடுக்காகப் படிந்து, சிலிக்காவும் இரும்பும் பசையாக ஊறி, பாறையாகிவிட்டது. அந்தச் சிவப்பு இரும்பின் துரு. பிறகு காற்று வந்து அதே மணலை அள்ளி வீசி அடியை அரிக்கிறது. உப்பும் பனியீரமும் பொந்து போடுகின்றன. அடி மெலிந்து தலை பெருத்த காளான் பாறைகளும் தும்பிக்கைகளும் அப்படித்தான் வருகின்றன. நம்முடைய கல்லை அப்படிக் காற்றால் சிற்பம் செதுக்க முடியாது. இது வேறு மாதிரி அழியும். மேலே கிடந்த பாரமெல்லாம் காலப்போக்கில் கழுவுண்டு போக, அழுத்தம் தளர்ந்த பாறை வெளிப்புறமாக விரிந்து வெங்காயத் தோல் போல உரியத் தொடங்குகிறது. நம் மலைகள் மொட்டைத் தலையாக உருண்டு நிற்பது அதனால்தான்.

ஒரு தட்டைக் காட்டிக் கையால் தட்டச் சொன்னேன். இரண்டு விரல் தடிப்பு, வாசல் கதவு அகலம், விளிம்பு மேலே தூக்கி நின்றது. தட்டினால் உள்ளே வெறுமையாகக் கேட்கிறது. அடியில் இருந்து ஒரு ஓணான் பாய்ந்து ஓடிற்று. விளிம்பை விரலால் தேய்த்தபோது உள்ளங்கையில் பொலபொலவென்று உதிர்ந்தது மணல். கண்ணாடித் துண்டு மாதிரி மினுங்குகிற குவாட்ஸ், பால் நிறத்தில் பெல்ஸ்பார், தங்கப் பொடியாய் ஒட்டிய மைக்கா. பெல்ஸ்பார் தண்ணீரில் ஊறி ஊறிக் களியாகிவிடும். அந்தக் களிதான் வயலுக்குப் போகிறது. குவாட்ஸ் எதற்கும் அசையாது. உதிர்ந்து, ஓடையில் உருண்டு, ஆற்றோடு போய், வெள்ளத்தில் வாவிக்குள்ளும் கடலுக்குள்ளும் இறங்கி, அலை அதைக் கரையோரமாக இழுத்து வரம்பாகக் குவிக்கும்.

மட்டக்களப்பு நகரமும் காத்தான்குடியும் களுவாஞ்சிகுடியும் கல்முனையும் இருக்கிற மணல்மேடு அப்படிக் குவிந்ததுதான். கரையோர நீரோட்டம் வேறு ஆறுகளின் மணலையும் கலந்திருக்கும், ஆனாலும் கதை அதேதான்: உள்நாட்டுக் கல் உதிர்ந்த தூளில்தான் எழுவான்கரை குடியிருக்கிறது. ஐம்பத்தாறு கிலோமீட்டர் நீளத்துக்கு வாவி வாவியாகத் தேங்கி நிற்பதற்குக் காரணமும் அந்த மணல் வரம்பு. படுவான்கரையைப் பட்டிக்காடு என்று சொல்கிற நகரத்து ஆட்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

உச்சிக்குக் கிட்ட ஒரு சுனை. ஆவணியிலும் முழங்கால் அளவு தண்ணீர், பச்சையாக, பேத்தைக் குஞ்சுகளோடு. இந்தச் சுனைகளை யாரும் வெட்டவில்லை. சின்னப் பள்ளத்தில் மாரித் தண்ணீர் தேங்கும், கல்லை ஊறவைத்து இளக்கும். காய்ந்த பிறகு கச்சான் வந்து அந்தத் தூளை ஊதி வெளியே போடும். அடுத்த மாரிக்குப் பள்ளம் ஒரு மயிரிழை ஆழம் கூடியிருக்கும். மாரி ஊறவைக்க, கச்சான் அள்ளிக்கொட்ட, இரண்டு பேரும் சேர்ந்து ஆயிரமாயிரம் வருசமாகச் செய்கிற வேலை.

இறங்கி வரும்போது மாடு பார்க்க வந்த ஒரு பெரியவர் மர நிழலில் குந்தியிருந்தார். "என்ன மனே, நேர்த்தியா?" என்றார்.

"இல்லப்பா, கல்லைப் பாக்க வந்தம்."

"கல்லையா?" என்று ஒருமுறை எங்களையும் ஒருமுறை மலையையும் பார்த்தார். "கல் உடைக்கிற கொந்தராத்தா?"

சிரிப்பாக இருந்தாலும், அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. நம் ஊரில் பாறைக்குப் போகிறவன் கும்பிடப் போவான், உடைக்கப் போவான், அல்லது உரிமை கொண்டாடப் போவான். வாகனம் பிடித்துப் போய்ப் பாறையைப் பாறையாகப் பார்த்துவிட்டு வருகிற பழக்கம் நமக்கு இல்லை. கரடியனாற்றுப் பக்கம் குசலானமலை இருக்கிறது, குமரன் கோயில் உள்ள மலை. அங்கே இன்று முதலில் வருகிற பேச்சு தொல்லியல் திணைக்களம். 2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்லியல் மரபுரிமைக்கென்று ஜனாதிபதிச் செயலணி அமைத்த பிறகு, எந்தப் பாறையில் எவன் பலகை நடுவானோ என்ற பயம் படுவான்கரை முழுக்கப் பரவியது. பழைய எழுத்தும் குகையும் உள்ள பாறைகளைக் காப்பாற்ற வேண்டும் என்பதில் எனக்கு மறுபேச்சில்லை. காப்பாற்றுகிறோம் என்ற பேரில் ஒரு சனத்தின் வரலாற்றை மட்டும் அதில் எழுதுவதைத்தான் ஏற்க ஏலாது.

குடும்பிமலையைப் பற்றிக் கேட்பீர்கள். கிரானால் இறங்கிப் புலிபாய்ந்தகல் தாண்டிப் போக வேண்டும். மாரி வெள்ளத்தில் அந்த வழி தண்ணீருக்கடியில் போனால் தோணிதான் வாகனம். வரைபடத்தில் தொப்பிகல என்று தேடினால்தான் அகப்படும். 2007 ஜூலை 11இல் இராணுவம் புலிகளிடமிருந்து பிடித்துவிட்டதாக அறிவித்து, கொழும்பில் விழா எடுத்த மலை. இன்று அடிவாரத்தில் மரபுரிமைப் பூங்கா. நல்ல வடிவான மலைதான், காட்டுக்கு மேலே ஒற்றையாக எழும்பி நிற்கும். ஆனால் போகிற சிங்களக் குடும்பம் அங்கே ஒரு வெற்றியைப் பார்க்கிறது, நாம் போனால் வேறொன்றைப் பார்க்கிறோம். அந்தப் பக்கத்தில்தான் மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல் தரையும் இருக்கிறது. அதற்காகப் பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் போராட்டம் தொடங்கினார்கள். இந்தப் பயணத்தில் அங்கே போகவில்லை.

வெல்லாவெளி, மண்டூர், கிட்டங்கி வழியாகக் கல்முனைக்கு இறங்கித் தெற்கே பிடித்தோம். அக்கரைப்பற்று, திருக்கோவில், கோமாரி. இந்த நீட்டில் கடற்கரை மணலைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். அலை வடிந்த இடத்தில் கறுப்புக் கோடுகள் ஓடும். அழுக்கு என்று நினைத்துவிடாதீர்கள். அதே கருங்கல்லில் இருந்து உதிர்ந்த இல்மனைட்டும் கார்னட்டும், பாரம் கூடியவை என்பதால் அலை அவற்றைத் தனியாகப் பிரித்து வைக்கிறது. புல்மோட்டையில் இதை அள்ளித்தான் ஏற்றுமதி செய்கிறார்கள். திருக்கோவிலிலும் வாகரையிலும் அள்ளக்கூடாதென்று சனம் மறித்து நிற்கிறது. உள்ளே ஆற்று மணலை டிப்பர் டிப்பராக ஏற்றுவதும் சேர்ந்தால், மலை நூறு கோடி வருசமாகச் சேர்த்த கணக்கை நாம் சில பத்து வருசத்தில் தீர்த்துவிடுவோம் போலிருக்கிறது.

மேற்கே, காட்டுக்கு மேலாக, தூரத்து மலைகள் தெரிந்தன. 1913இல் மட்டக்களப்பு முகத்துவாரத்தில் வெளிச்சவீடு வரும் முன்பும் பின்பும் இந்தக் கரையில் கப்பல் ஓட்டியவர்களுக்கு அடையாளம் இந்தப் பாறைகள்தான். அதனால்தான் குடும்பிமலைக்கு பேரன்ஸ் கேப், திம்புலாகலைக்குக் கன்னர்ஸ் குவொயின், சியம்பலாண்டுவைப் பக்கத்துக் கோவிந்தஹெலவுக்கு வெஸ்ட்மின்ஸ்டர் அபே என்று வெள்ளைக்காரனின் வரைபடத்தில் பேர்கள். அந்தக் கப்பல்காரன்தான் நம் பாறைகளைப் பாறைகளுக்காகவே உற்றுப் பார்த்த ஆள் போல.

அறுகம்பேயிலும் ஒரு யானைப் பாறை இருக்கிறது. கடற்கரையில் தெற்கே நடந்தால், கடலுக்குள் முதுகை வளைத்துப் படுத்திருக்கும். மச்சான் அதைப் பார்த்துவிட்டு, தன் போனில் இருந்த யானையையும் பார்த்துவிட்டு, "இது படுத்த யானை" என்று மட்டும் சொன்னான். பக்கத்துக் களப்பில் கால் நனைக்க வேண்டாம். 2017இல் பிரித்தானியப் பத்திரிகையாளர் ஒருவரை முதலை இழுத்துப்போனது அங்கேதான்.

இரவு பொத்துவிலில் தங்கி, விடியப் பாணமைக்கு வெளிக்கிட்டோம். பாணமைக்குத் தெற்கே, நான் மச்சானுக்குக் காட்ட நினைத்த இடம். தார் றோட்டு முடிந்து கிரவல் றோட்டு. ஒரு பக்கம் மணல் குன்றுகள், காற்று வரிவரியாய்க் கோடு போட்ட மணல். மறுபக்கம் பற்றைக்காடு, அதற்குள் வீடளவு, கோயிலளவு உருண்டைப் பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று. குடும்பிகலைத் துறவியர் மடத்துப் பாறையில் ஏறி நின்றால் காடு, களப்பு, மணல்மேடு, கடல் எல்லாம் ஒரே பார்வைக்குள். இங்கே பாலைவனம் இல்லை, மழை வந்தால் பச்சை பொங்கும். ஆனால் ஆவணியில், அந்தச் சூட்டில், ஒரு நிமிசம் அரபு நாடு என்று சொன்னால் நம்பலாம்.

உகந்தை அங்கிருந்து கிட்ட. கதிர்காம யாத்திரைக்காரர் குமணக் காட்டுக்குள் இறங்கும் முன் கடைசியாகத் தங்குகிற முருகன் கோயில். அடிவாரத்தில் முருகன், பாறை மேல் வள்ளியம்மன். முருகனும் வள்ளியும் கல்லோடத்தில் வந்து இறங்கினார்கள் என்பது ஐதீகம். கரையோரப் பாறைகளைக் காட்டி அதுதான் ஓடம் என்பார்கள். வள்ளியம்மன் மலையில் சுனைகள் நிறைய, ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு. கல் உதிர்ந்து மணலாகிக் கடலைத் தொடுகிற கடைசிப் படி கண்முன்னே தெரிகிற இடமும் இதுதான். பாறையடியில் கிடக்கிற மணல் கூராகக் குத்தும். கொஞ்சம் நடந்து கடற்கரை மணலை அள்ளினால் வழுவழுவென்று உருண்டிருக்கும். இரண்டையும் இரண்டு கையில் வைத்து உரசிப் பாருங்கள்.

மச்சான் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நல்லாத்தான் கிடக்கு. ஆனா அங்க றோட்டு நல்லம், கக்கூஸ் இருக்கு, ஒரு பிளாஸ்டிக் போத்தல் கிடையாது" என்றான். மறுக்க ஏலாத உண்மை. வள்ளியம்மன் மலையில் சுனைக்குப் பக்கத்தில் சோப்பு உறையும் சம்பு பைக்கற்றும் கிடந்தன. அதைவிடப் பெரிய கொடுமை பெயின்ட். தாந்தாமலையிலும் சரி, தெற்கே வழிநெடுகவும் சரி, ஏறத்தக்க பாறையெல்லாம் பேர், ஊர், வருசம், அம்பு துளைத்த இதயம். ஆயிரம் வருசத்தில் உரிய வேண்டிய தோலில் எனாமல் பூசி வைத்திருக்கிறோம். அவுஸ்திரேலியாவின் உலுறுப் பாறையும் மணற்கல்தான், 348 மீட்டர் உயரம். அதன்மேல் ஏறாதீர்கள் என்று அந்த மண்ணின் அனாங்கு மக்கள் காலங்காலமாகச் சொல்லி, 2019 ஒக்டோபரில்தான் ஏறுவது சட்டப்படி நின்றது. நாம் ஏறுவதை நிறுத்த வேண்டியதில்லை, நம் சாமி மேலேதான் இருக்கிறார். கையில் தூரிகை இல்லாமல் ஏறினால் போதும்.

போக நினைப்பவர்களுக்கு: ஆடித் திருவிழாக்கள் முடிந்து மாரி தொடங்கும் முன், ஆவணியிலும் புரட்டாசியிலும் போங்கள். தாந்தாமலைப் பக்கம் மாலை நான்கு மணிக்குப் பிறகு நிற்காதீர்கள், யானை இறங்கும் நேரம். பாணமைக்கு அப்பால் கடை கிடையாது, தண்ணீர் நிறையக் கொண்டுபோங்கள். காலிப் போத்தலைத் திரும்பக் கொண்டுவாருங்கள்.